ஒன்பது ஃப்ரேம்

மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோரும் கொட்டாவியை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரத்தில் என் கரடி படியேறியது. சின்ன தியேட்டர் மாதிரியான அறை அது. நாலு வரிசை நாற்காலி, ஜன்னல் கிடையாது. அவரவர் செய்து முடித்த கார்ட்டூன் காட்சியை அங்கே பெரிய திரையில் ஓட்டுவார்கள், சூப்பர்வைசர் ஒவ்வொன்றாகக் குறை சொல்வார். என்னுடையது பதினோரு நொடி. ஓட்டலில் மூட்டை தூக்கும் ஒரு வயசான கரடி, கையில் பெட்டியோடு எட்டுப் படி ஏறி மேலே போய் நிற்கிறது. அவ்வளவுதான். அந்தப் பதினோரு நொடிக்காக நான் ஐந்து வாரம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. மணிக்கட்டில் கட்டு, கண்ணுக்குச் சொட்டு மருந்து. கரடி மேல்படியில் போய் நின்றபோது என் முட்டியும் சேர்ந்து வலித்தது.

சூப்பர்வைசர் கொண்டையில் செருகியிருந்த பென்சிலை உருவிக் கையில் வைத்துக்கொண்டார். ஐம்பது வயதைத் தாண்டியவர். பென்சில் கைக்கு வந்தால் குறை வருகிறது என்று அர்த்தம்.

"எடை நல்லா வந்திருக்கும்மா. அந்தப் பெட்டி கனக்குதுன்னு தெரியுது. ஆனா இந்த இடது கை ஏன் செத்துக் கிடக்கு? போட மறந்துட்டியா?"

"மறக்கல மேடம்."

"காலும் பாரு, இடது கால் பின்னாலேயே இழுத்துக்கிட்டு வருது. தெரிஞ்சு செஞ்ச மாதிரி இல்ல, தப்பு மாதிரி இருக்கு. ஜனங்க கரடியப் பார்க்க மாட்டாங்க, அந்தக் கையத்தான் பார்ப்பாங்க."

எனக்குச் சுருக்கென்றது. நான் விட்டுப்போனது ஒன்றுமில்லை, உள்ளதை உள்ளபடி செய்திருக்கிறேன் என்று காட்டிவிட வேண்டும் போலிருந்தது. "இல்ல மேடம், அசல்ல அப்படித்தான் இருக்கு. வீடியோ வச்சிருக்கேன். போடவா?" என்றேன். கேட்டிருக்க வேண்டாம்.

எங்கள் வேலையில் யாரும் வெறும் மனசிலிருந்து ஒரு நடையை எடுத்துவிடுவதில்லை. முதலில் யாராவது நடந்து காட்ட வேண்டும். அதை வீடியோ எடுத்து, ஒவ்வொரு படமாக நிறுத்திப் பார்த்து, எந்தக் கால் எத்தனை படத்துக்குத் தரையில் நிற்கிறது, தோள் எப்போது இறங்குகிறது என்று எண்ணிக் குறித்துக்கொண்டு, பிறகு கம்ப்யூட்டரில் அந்த உருவத்தை அப்படியே நடக்க வைப்போம். ஒரு படத்துக்குத்தான் ஃப்ரேம் என்று பெயர். இதை அப்பாவுக்கு நான் பத்துத் தடவையாவது விளக்கியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் அவர் முழுசாகக் கேட்டுவிட்டு, "எல்லாத்தையும் கம்ப்யூட்டரே பண்ணுதுன்னுதான் பேப்பர்ல போட்டிருக்கான். பட்டன அழுத்தினா கரடி நடந்துட்டுப் போகப் போகுது. உனக்கு அங்க என்ன வேலை, காபி குடிக்கிறதா?" என்பார். முன்பெல்லாம் ஒவ்வொரு படத்தையும் காகிதத்தில் கையால் வரைந்தார்கள், இப்போது கம்ப்யூட்டர் எலும்போடும் தோலோடும் ஒரு முழுக் கரடியையே கொடுத்துவிடுகிறது, ஆனால் அது சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி கையை விரித்துக்கொண்டு நிற்கும், யாராவது அசைக்காவிட்டால் வருஷக் கணக்கில் அப்படியே நிற்கும் என்பேன். முடியும் துணியும்தான் வேறு கணக்கு. அதற்குத் தனி ஆள், என் பின்வரிசைக்காரர். அவருக்குத் துணிக்காரர் என்றே பெயர். காற்று எவ்வளவு என்று அவர் சொல்லிவிட்டால் போதும், சட்டை தானே படபடக்கும். "துணிய கம்ப்யூட்டர் ஆட்டிக்கும்பா. கைய நான்தான் ஆட்டணும்." அப்பா தலையை ஆட்டுவார். "சரி சரி. காபியும் குடிச்சுக்க."

இந்த வெளிநாட்டு ஸ்டுடியோவுக்கு வந்து இரண்டு வருஷமாக நான் ஆட்டியதெல்லாம் கூட்டத்தைத்தான். முதல் படத்தில் தூரத்துத் தெருவில் குடை பிடித்து நடக்கும் நாற்பது பேர் நான் செய்தது. ஊரில் எல்லோருமாகத் தியேட்டருக்குப் போய்ப் பார்த்துவிட்டு அம்மா போனில், "எந்தக் குடைடீ?" என்று கேட்டாள். இந்தக் கரடிதான் எனக்கென்று கிடைத்த முதல் ஆள். முன்னால் வந்து நிற்கும், முகம் தெரியும். டைரக்டர் எழுதிக்கொடுத்தது ஒரே வரிதான்: ஆயுசு முழுக்கப் பாரம் தூக்கிய ஆள் நடக்கிற மாதிரி இருக்க வேண்டும். அதைப் படித்ததும் எனக்கு வேறு யார் முகம் வரும்? அப்பா முப்பத்தொரு வருஷம் மரச்சாமான் கடையில் டெலிவரி வேலை. கட்டில், பீரோ, சாப்பாட்டு மேசை எல்லாம் அவர் தோளில் ஏறித்தான் பல வீடுகளின் மூன்றாவது மாடிக்குப் போயிருக்கின்றன.

போனில் கேட்டேன். "அப்பா, நடிக்கிறீங்களா?"

"ஹீரோ யாரு?"

"கரடி."

"அதுக்கு உங்க மாமாவக் கூப்பிடு. அவனுக்குத்தான் முதுகு பூராவும் முடி."

பெட்டியோடு மாடிப்படி ஏற வேண்டும், அம்மா போனில் எடுத்து அனுப்பினால் போதும் என்றேன். அந்தப் பக்கம் இரண்டு பேரும் ஏதோ கிசுகிசுத்தார்கள். பிறகு அம்மா போனை வாங்கி, "அவருக்குக் கடையில வேலை ஜாஸ்திடீ, அப்புறம் பார்க்கலாம்" என்றாள். இரண்டு வாரம் கழித்துத்தான் வீடியோ வந்தது. ஒரு வீடியோ எடுக்க இரண்டு வாரமா என்று எனக்குக் கோபம்கூட வந்தது. மூன்று தடவை எடுத்திருந்தார்கள். மூன்றிலும் ஓரத்தில் அம்மாவின் கட்டைவிரல். மூன்றாவதுதான் சரியாக இருந்தது. அப்பா வலது கையில் பெட்டியோடு, இடது தோளைச் சுவரில் உரசிக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் வலது காலை முதலில் வைத்து, இடது காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்து ஏறினார். அம்மா குரல் மட்டும் கேட்டது. "மெதுவா. மெதுவாங்க. அவசரமே இல்ல." அம்மாவுக்குள்ளே இப்படி ஒரு டைரக்டர் ஒளிந்திருந்தாளா என்று நான் தனியாகச் சிரித்தேன். அப்பாவும் லேசுப்பட்டவர் இல்லை, கிழக் கரடி என்று சொன்னதை மனசில் வாங்கிக்கொண்டு என்னமாக நடிக்கிறார் என்று நினைத்தேன். எண்ணிக் குறித்துக்கொண்டேன். மஞ்சள் ஒட்டுத்தாளில், என் கையெழுத்தில்: இடது ஒன்பது, வலது பதினேழு. ஐந்து வாரமும் அந்தத் தாள் மானிட்டரின் ஓரத்திலேயே இருந்தது.

தியேட்டரில் அந்த வீடியோவைப் போட்டார்கள். அப்பா சுவர் உயரத்துக்கு வந்து நின்றார். வெளுத்துப்போன நீலச் சட்டை, கழுத்துப் பட்டன் ஒன்று இல்லை. முதல் இரண்டு படி ஏறும் வரை எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, இருபது பேர் எங்கப்பாவைப் பார்க்கிறார்கள் என்று. ஓடி முடிந்ததும் சூப்பர்வைசர், "இன்னொரு தடவை போடு" என்றார். இன்னொரு தடவையும் அப்பா ஏறினார். இருட்டில் பின்வரிசையிலிருந்து துணிக்காரரின் குரல் வந்தது.

"உங்கப்பாவுக்கு எப்போ வந்துச்சு?"

"என்னது?"

"ஸ்ட்ரோக்." பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்கண்ணனுக்கும் இதே கைதான். இப்படித்தான் தொடையோட ஒட்டிக்கிட்டுத் தொங்கும். நான் தெரிஞ்சுதான் போட்டிருக்கீங்கன்னு..."

"அதெல்லாம் ஒன்னும் இல்ல. அவரு நடிக்கிறாரு" என்றேன்.

சூப்பர்வைசர் பென்சிலைத் திரும்பக் கொண்டையில் செருகினார். "அடுத்தது போடுங்க" என்றவர், என் பக்கம் குனிந்து, "நீ கொஞ்சம் வெளிய போயிட்டு வாம்மா. கை விஷயம் நாளைக்குப் பேசிக்கலாம்" என்றார்.

வெளியே போகவில்லை. என் இடத்துக்கு வந்து, இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் கிளம்பிய அன்றைக்கு விமான நிலையத்தில் எடுத்த வீடியோவைத் தேடி எடுத்தேன். தண்ணீர் பாட்டில் வாங்கிவர அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து போகிறார். எதற்கு எடுத்தேன் என்று ஞாபகமில்லை. இரண்டு கையும் வீசி, உள்ளங்கை பின்பக்கம் பார்க்க, பாரம் இறக்கி வைத்த ஆள் நடப்பது போல நடக்கிறார். நிறுத்தி நிறுத்தி எண்ணினேன். இடது பன்னிரண்டு. வலது பன்னிரண்டு. அடுத்த அடியும் பன்னிரண்டு, பன்னிரண்டு. படியும் சமதரையும் ஒன்றாகுமா என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிப் பார்த்தேன். படியேறும்போது பெட்டி இல்லாத கை சும்மா இருக்காது. அது எதையாவது பிடிக்கும், இல்லாவிட்டால் காற்றையாவது பிடிக்கும். இது எனக்கு வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே தெரியும். ஐந்து வாரம் ஒரு ஆளை ஃப்ரேம் ஃப்ரேமாகப் பார்த்திருக்கிறேன். பெற்ற அப்பாவை அதற்கு முன் அவ்வளவு உற்று நான் பார்த்ததே கிடையாது.

ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. சில மாதமாக அப்பாவின் பேச்சு குழறியதற்கு, "புதுப் பல்லு கட்டியிருக்காரு, வாய்ல நிக்க மாட்டேங்குது" என்று அம்மா சொன்னது. வீடியோ காலில் எப்போதும் அவர் வலது பக்கம் மட்டுமே தெரிந்தது. போனை ஏன் நேராக வைக்கக் கூடாது என்று கேட்டால் ஸ்டாண்டு உடைந்துவிட்டது என்றது.

வீட்டுக்கு வீடியோ கால் போட்டேன், ஊரில் அப்போது சாயங்காலம். அம்மாதான் எடுத்தாள்.

"என்னடீ இந்த நேரத்துல, ஆபீஸ் இல்லையா?"

"அப்பாவ இடது கையத் தூக்கச் சொல்லும்மா."

பின்னால் ஓடிக்கொண்டிருந்த டிவி சத்தம் நின்றது.

"யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல. நீ எடுத்த வீடியோதான் சொல்லுச்சு. எப்போ?"

"எட்டு மாசம் ஆச்சு." அம்மா அழவில்லை. அழுது முடித்து ரொம்ப நாளானவள் பேசுவது போல, பட்டியல் வாசிப்பது போலச் சொன்னாள். யார் வீட்டுக்கோ பீரோ ஏற்றும்போது இரண்டாவது மாடித் திருப்பத்தில் அப்பா, கொஞ்சம் இருங்கப்பா என்று சொல்லிப் படியில் உட்கார்ந்திருக்கிறார். எழுந்திருக்க வரவில்லை. பீரோ ஏற்றி வந்த வண்டியிலேயே அவரையும் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

"அப்போ பல்லு?"

"பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"எட்டு மாசம்மா! ஒரு வார்த்தை சொல்லல."

"சொல்லி? அன்னைக்கே பையத் தூக்கிக்கிட்டு ஓடி வருவ. படம் முடியறதுக்குள்ள நகர்ந்தா வேலை போயிடும், வேலை போனா அங்க இருக்கறதுக்கான காகிதமும் போயிடும்னு யாரு சொன்னா? நீதானே சொன்ன?"

நான்தான் சொன்னேன். போன வருஷம் சித்தி பெண் கல்யாணத்துக்கு வராததற்குச் சாக்காகச் சொன்னது. அதை அம்மா பத்திரமாக எடுத்து வைத்திருந்திருக்கிறாள்.

"அப்புறம் எதுக்கும்மா வீடியோ எடுத்தீங்க? முடியாதுன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"நான் வேணாம்னுதான் தலையால அடிச்சுக்கிட்டேன். மனுஷன் கேட்டாத்தானே? பொண்ணு வேலைக்குன்னு மொதத் தடவையா ஒன்னு கேட்டிருக்கா, இல்லேன்னா நல்லாவா இருக்கும்னுட்டாரு. ரெண்டு வாரம் தெனமும் அந்தப் படியில ஏறி எறங்கிப் பழகினாரு. கீழ நின்னுக்கிட்டு எனக்குத்தான் உயிர் போயிட்டுப் போயிட்டு வந்துச்சு." மூச்சு விட்டுக்கொண்டாள். "பெட்டி காலிடீ. உள்ள ஒரு துண்டுகூட இல்ல."

எடை நல்லா வந்திருக்கும்மா என்று சூப்பர்வைசர் சொன்னார். பெட்டி கனக்கிறது தெரிகிறது என்றார்.

அம்மாவிடமிருந்து போன் கை மாறியது. படம் ஆடி, கூரை தெரிந்து, சுவர் தெரிந்து, கடைசியில் அப்பாவின் முகம் நேராக வந்தது. எட்டு மாதத்தில் முதல் தடவையாக முழு முகம். இடது வாயோரம் கொஞ்சம் இறங்கியிருந்தது. அந்தப் பக்கம் மீசையைச் சரியாக வெட்டியிருக்கவில்லை.

"என்ன டைரக்டரம்மா, கண்டுபிடிச்சுட்டீங்களாமே. நம்ம நடிப்பு அவ்ளோ மோசமாவா இருந்துச்சு?"

"எல்லாரும் பார்த்தாங்கப்பா" என்றேன்.

"எல்லாரும்னா எத்தன பேரு?"

"இருபது பேர் இருக்கும்."

"பெரிய ஸ்க்ரீன்லயா?"

"பெரிய ஸ்க்ரீன்லதான்."

அவர் அம்மா இருந்த பக்கம் திரும்பி, கேட்டுக்கிட்டியா என்பது போல் பார்த்தார். "கைதட்டினானுங்களா?"

"ரெண்டு தடவ போட்டுப் பார்த்தாங்க."

"ரெண்டு தடவயா!" அவருக்கு உண்மையாகவே சந்தோஷம். பிறகு முகம் கொஞ்சம் மாறியது. "அப்போ கரடிக்கும் கை வெளங்காமப் போச்சா?"

"மாத்தச் சொல்லிட்டாங்கப்பா."

"மாத்து, மாத்து. நான் நொண்டினா நம்ம தெருவோட போச்சு. கரடி நொண்டினா ஊரு ஒலகமே பார்க்கும்."

நான் கிளம்பி வருகிறேன் என்றேன். வந்து நீ என் கையைப் பிடித்து ஆட்டப் போகிறாயா, முதலில் கரடியின் கையைப் பார் என்றார். படம் முடிய இன்னும் ஏழு மாதம்.

மறுநாள் சூப்பர்வைசர் என் இடத்துக்கே வந்தார். வேறு யாரிடமாவது அந்த வேலையைக் கொடுக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். விமான நிலைய வீடியோவைத் திறந்து வைத்துக்கொண்டு, தண்ணீர் பாட்டில் வாங்கப் போன அப்பாவின் இடது கையை எடுத்துக் கரடிக்குப் போட்டேன். தோளிலிருந்து தொங்கி, முழங்கை லேசாக மடங்கி, உள்ளங்கை பின்னால் பார்க்க. இடது காலுக்கு மூன்று ஃப்ரேம் கூட்டினேன், வலது காலில் ஐந்தைக் குறைத்தேன். மொத்த நேரம் குறைந்துவிடாமல் இருக்கக் கரடியைக் கடைசிப் படியில் ஒரு மூச்சு அதிகம் நிற்க வைத்தேன். இரண்டே நாள் வேலை. இத்தனை வருஷப் படிப்புக்கும் பழக்கத்துக்கும் ஒரு கையைச் சரிசெய்ய எனக்கு இரண்டு நாள்தான் ஆகிறது. தியேட்டரில் ஒரே தடவை ஓட்டினார்கள். பென்சில் கொண்டையிலேயே இருந்தது. "இப்போ சரி" என்றார் சூப்பர்வைசர். துணிக்காரர் அதற்குச் சட்டை போட எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு அடுத்த வேலை வந்தது, ஒரு முயல் கதவைத் திறக்க வேண்டும்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோ வருகிறது. நான்தான் கேட்டேன். பெட்டி வேண்டாம், வலது கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அதே எட்டுப் படி ஏறட்டும், நீ ஒவ்வொரு தடவையும் கீழே அந்தச் செருப்பு ஸ்டாண்டை ஒட்டி நின்றே எடு, அப்போதுதான் கணக்கு சரியாக வரும் என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். கட்டைவிரலை மட்டும் அவளால் விலக்க முடியவில்லை. திங்கட்கிழமை காலையில் வேலை தொடங்குமுன் உட்கார்ந்து எண்ணுவேன். முதல் வாரம் இடது கால் ஒன்பது. இரண்டாவது வாரம் ஒன்பது. மூன்றாவது வாரம் எட்டு.

"என்ன டைரக்டரம்மா, ரிசல்ட் வந்துச்சா?" என்று அப்பா போனில் கேட்டார்.

"பத்துப்பா."

"பார்த்தியா!" என்று அம்மாவிடம் சத்தமாகச் சொன்னார். நானும் அந்த வீட்டுப் பெண்தான், பொய் சொல்லும்போது குரல் நடுங்குவதில்லை. அன்றைக்கு முழுவதும் முயல் கதவைத் திறக்கவே இல்லை. கைப்பிடி மேல் கையை வைத்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தது.

நாலாவது வாரம் ஒன்பது. ஐந்தாவது வாரமும் ஒன்பது. இந்த வாரத்தையும் மஞ்சள் தாளில் எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். கால் அதே ஒன்பதுதான். தாளில் எழுதியும் விட்டேன். வீடியோவை மூடப் போகும்போது, ஆறாவது படியில், கால் இல்லாத வேறு எங்கோ ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. பின்னால் கொண்டுபோனேன். நீலச் சட்டை. இடது பக்கம், மணிக்கட்டுக்கு மேலே சட்டைக் கையின் ஓரம் தொடையை விட்டுக் கொஞ்சம் விலகி, மூன்று ஃப்ரேம் அப்படியே இருந்து, திரும்பிப் போய் ஒட்டிக்கொள்கிறது. மாடிப்படித் திருப்பத்தில் ஒரு ஜன்னல் உண்டு. அது திறந்திருக்கிறதா என்று இந்தக் கோணத்தில் தெரியவில்லை. தெரியக்கூடிய ஒரு மூலையையும் அம்மாவின் விரல் மறைத்திருக்கிறது. பின்வரிசையில் துணிக்காரர் இன்னும் வரவில்லை. வந்தால் கேட்கலாம், இது காற்றா, கையா என்று. பார்த்த உடனே சொல்லிவிடுவார்.

அவர் நாற்காலி இழுபடும் சத்தம் பின்னால் கேட்டது. பை வைக்கும் சத்தம். நான் திரும்பவில்லை. ஒரு ஃப்ரேம் முன்னால் நகர்த்தினேன், சட்டை விலகியது. ஒரு ஃப்ரேம் பின்னால், ஒட்டிக்கொண்டது. முன்னால். பின்னால். ஆறாவது படியில் ஒரு காலை வைத்தபடி அப்பா எனக்காக நின்றுகொண்டிருந்தார்.